மஞ்சள் வைத்த அம்பாசிடர்

நிறைய ஓடிய பழைய காரை ஒருவர் புதிதாக வாங்கி நம் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார். “ஓட்டி வந்தவன் என்ன சொல்கிறான் என்று பார்” என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். ஓய்வு பெற்ற கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தமாஷ் அவ்வளவாக வராது. அன்றைக்கு டீ ஆறிக்கொண்டிருந்ததால் காரணம் சொல்லவில்லை. இப்போது எழுதித் தருகிறேன்.

காலையில் ஸ்டார்ட் ஆகாது, புகை தள்ளும், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், பள்ளத்தில் இறங்கினால் கடகடக்கும், மேட்டில் ஏறினால் சூடாகும். பழைய வண்டியின் நோய்கள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓடி ஓடித் தேய்ந்த கோளாறு வேறு, விற்பதற்காக மூடி மறைத்த கோளாறு வேறு. முதலாவது தானே வந்து உங்கள் காதில் சொல்லும். இரண்டாவதை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒரு முறை பழைய கார் வாங்கி வந்தார். புகையே இல்லை, சத்தமும் இல்லை. “லாட்டரி அடிச்ச மாதிரியாக்கும்” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஆயில் குச்சியை வெளியே எடுத்துப் பார்த்தால் பாகு போல ஒட்டியது. புகையை அடக்க லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை ஊற்றி விற்றிருந்தார்கள். அதை நான் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். அப்படி நாலு இடத்தில் ஜெயித்த பிறகுதான் மனிதனுக்குக் கண் மங்கும். எனக்கும் மங்கியது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கரமனையில் நாம் இப்போது இருக்கும் இதே ஒர்க்‌ஷாப்பில் அந்த மாதம்தான் முதலாளி என்னை மூத்த மெக்கானிக் ஆக்கி, ஷெட் சாவியைக் கையில் கொடுத்திருந்தார். இந்த மலையாள ஊரில் மூத்த மெக்கானிக்கை ஆசான் என்று கூப்பிடுவார்கள். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து பத்தொன்பது வருடம் கிரீஸில் புரண்டவனுக்கு அந்த வார்த்தை கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஸ்ரீவராகத்திலிருந்து சங்கரன் என்பவர் ஒரு பழைய அம்பாசிடரோடு வந்தார். அச்சகம் ஒன்றில் மானேஜராக இருந்தவர். அச்சகம் மூடியதும், சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக் கார் விடலாம் என்று முடிவு செய்து, கோட்டயம் பக்கத்திலிருந்து இந்த வண்டியை வாங்கியிருந்தார். வண்டிக்கு எத்தனை சக்கரம் என்பதைத் தாண்டி அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். வாங்கிய மறுநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுப் பெண்கள் முன்பக்கம் முழுக்க மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலையோடு நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளமாக இருக்கும்.

“ஆசானே, பிள்ளையார்கிட்ட காமிச்சாச்சு. இனி நீர் ஒண்ணு நோக்கினா போதும். நீர் சரின்னு பறஞ்சா நான் ரோட்டில எறக்கிடுவேன், கேட்டேளா?”

ஓட்டி வந்தவன் முருகேசன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், வயது இருபத்தெட்டு இருக்கும். இங்கே கட்டட வேலைக்கு வந்து சிமெண்ட் சுமந்தவன். லாரியில் கிளீனராகப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்திருந்தான். டிரைவர் என்று அவனுக்குக் கிடைத்த முதல் வேலை இது. வண்டி வாங்குமுன்பே சங்கரன் பேசிவைத்த அந்த வேலையை நம்பி மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரிலிருந்து அழைத்து வந்து, ஆற்றுக்கால் பக்கம் ஒற்றை அறை பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இதையெல்லாம் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டான். சந்தோஷத்தில் இருப்பவனுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா.

வண்டி மூன்று நாள் என் கையில் இருந்தது. ஸ்டியரிங் ஆட்டத்தைச் சரி செய்தேன். கிளட்ச் மாற்றினேன். காலையில் முரண்டு பிடித்ததற்கும் வழி பண்ணினேன். ரேடியேட்டரைப் பார்த்தபோது அதன் அடித்தொட்டி ஓரத்தில், பற்ற வைத்த இணைப்பு நெடுக, மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. வீட்டுப் பெண்கள் முன்பக்கம் தாராளமாகப் பூசியது வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். துடைக்கவில்லை. நம் தொழிலில் பூஜை மஞ்சளை யாரும் துடைக்க மாட்டோம். ஒரு முறை நான் கண்ணாடியில் இருந்த சந்தனத்தைத் துடைத்துவிட, வண்டியின் சொந்தக்காரர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். அதிலிருந்து சாமி காரியத்தில் கை வைப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை முருகேசன் என் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டுமா? தண்ணி ஊத்தும்போது பாத்தேன். ரேடியேட்டர் தண்ணி மஞ்சளா கெடக்கு.”

“துருத் தண்ணி டே. பழைய வண்டியில பின்ன பாலா வரும்?”

“துரு மாதிரி தெரியல அண்ணாச்சி. துருன்னா செவப்பா இருக்கும்லா. இது வேற மாதிரி இருக்கு.”

சுற்றி நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் புது ஆசான். “எடே முருகேசா, வண்டிய நீ ஓட்டு. வைத்தியத்த நான் பாக்கேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு போய்விட்டான். மூடியைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்; நான் பார்க்கவில்லை.

கழக்கூட்டம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். தட்டையான ரோடு, காலி வண்டி, காலை வேளை. சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே அசையாமல் நின்றது. வேலைச் சீட்டில் ரேடியேட்டருக்கு நேராகச் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை முதல் வாடகை. ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஆறு பேர், பொன்முடி மலைக்கு. இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் அந்த டிராவல்ஸ்காரர் வாரா வாரம் வண்டி கேட்பதாகச் சொல்லியிருந்தார். பதினோரு மணி சுமாருக்குச் சங்கரன் ஆட்டோவில் ஷெட்டுக்கு வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. மலையடிவாரத்தில் கல்லாற்றுக் கடை ஒன்றிலிருந்து முருகேசன் போன் பண்ணியிருக்கிறான். மலையில் ஏழெட்டு வளைவு ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. ஒரு லாரிக்காரர் கயிறு கட்டிக் கீழே இறக்கிவிட்டிருக்கிறார். வந்த குடும்பம் வேறு ஜீப்பில் மேலே போய்விட்டது.

ஷெட் ஜீப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். நெடுமங்காடு தாண்டும் வரை சங்கரன் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தப் பயல் முள்ளை நோக்கலை ஆசானே. மலையைப் பாத்து வாயைப் பொளந்துண்டு ஓட்டியிருப்பான்.” நான் ரோட்டைப் பார்த்து ஜீப்பை ஓட்டினேன்.

கல்லாற்றில் கடைகளுக்கு எதிரே ஆற்றோரம் வண்டி நின்றது. பானெட் திறந்திருந்தது. முருகேசன் வெள்ளைச் சட்டை நனைந்து பக்கத்தில் நின்றான். கிட்டே போனதும் எனக்கு வாசனை அடித்தது. கிரீஸ் வாசனை இல்லை, கருகிய ரப்பர் வாசனையும் இல்லை. மஞ்சள் தூளை வெந்நீரில் போட்டால் வருமே, சமையலறை வாசனை. அதுதான் எஞ்சினிலிருந்து வந்தது.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது நம் பக்கத்தில் பழைய வித்தை. தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஒழுக்கு நிற்கும். வழியில் மாட்டிக்கொண்டவன் வீடு வந்து சேர அது போதும். விற்பவன் கையில் அதுவே சூழ்ச்சி. உள்ளே மெல்லிய குழாய்களிலெல்லாம் சேறு போல படிந்து தண்ணீர் ஓட்டத்தையே அடைத்துவிடும். தட்டையான ரோட்டில் தெரியாது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் சூடு ஏறும், அழுத்தம் கூடும், ஓட்டையில் அடைத்திருந்த மஞ்சள் பிய்த்துக்கொண்டு போகும்.

குனிந்து பார்த்தேன். நான் பூஜை மஞ்சள் என்று நினைத்த இடத்தில் இப்போது ஈரக் கோடு. அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அது ரேடியேட்டரின் பின்பக்கம், ஃபேன் பக்கம். பூஜை செய்கிறவர்கள் வண்டிக்கு முன்னால் நின்று மஞ்சள் வைப்பார்கள். பானெட்டைத் திறந்து, ஃபேனுக்கு நடுவில் கையை நுழைத்து, அடித்தொட்டி இணைப்பில் எந்த வீட்டுப் பெண் போய் மஞ்சள் வைப்பாள்? மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். மஞ்சளைக் கண்டதும் புத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டது.

ஆயில் குச்சியை உருவினேன். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய், இரண்டும் கலந்துவிட்டன. எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

“பறயடா, முள்ளை நோக்கினியா இல்லையா?” என்றார் சங்கரன்.

“பாத்தேன் சாமி. அஞ்சாவது வளைவுல முள்ளு ஏறிச்சு. உடனே ஓரங்கட்டினேன். ஆறவிட்டு, கேன்ல இருந்த தண்ணிய ஊத்தினேன். முள்ளு எறங்கிட்டு. அப்பறம் ஏறவே இல்ல சாமி. கீழயேதான் கெடந்துச்சு. அதனாலதான் ஓட்டினேன்.”

“முள் கீழேயே கெடந்துதாம், எஞ்சின் மட்டும் வெந்து போச்சாம்! கொழந்தை கூட நம்பாது. பொய் வேற பறயறான் பாருங்கோ.”

அவன் சொன்னது பொய் இல்லை. அந்த இடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த முள் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் முழுக்க ஒழுகிப் போய்விட்டால் அதற்குக் காட்ட ஒன்றும் இல்லை, பேசாமல் கீழே விழுந்து கிடக்கும். இதைச் சங்கரனிடம் சொன்னால் அடுத்த கேள்வி, தண்ணீர் ஏன் ஒழுகியது என்பது. அதற்கடுத்த கேள்வி, மூன்று நாள் வைத்திருந்தாயே, நீ பார்க்கவில்லையா என்பது.

“நீர் பறயும் ஆசானே. இவன் தப்புதானே இது?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வித்தவன் மஞ்சப்பொடி போட்டு ஏமாத்தியிருக்கான் சாமி. பழைய வண்டி, மலைன்னா இப்படித்தான் வரும்.”

அந்த வாக்கியத்தில் ஒரு பொய் கூட இல்லை. அதனால்தான் இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் கூசுகிறது. பொய் சொல்லியிருந்தால், பயந்துபோய்ச் சொன்னேன் என்றாவது வைத்துக்கொள்ளலாம். நான் பயப்படவில்லை, அளந்து பேசினேன். என் பெயர் வராத இடமாகப் பார்த்து உண்மையைக் கத்தரித்துக் கொடுத்தேன்.

“வித்தவன் சதி பண்ணினான், சரி. இவன் நோக்கி ஓட்டியிருந்தா எஞ்சினாவது மிஞ்சியிருக்குமே” என்று சொல்லிவிட்டுச் சங்கரன் கையை நீட்டினார். முருகேசன் சாவியைக் கொடுத்தான். “நாளைக்குக் காலம்பற எங்காத்துக்கு வந்து கணக்கை முடிச்சுண்டு போ. அதோட முடிஞ்சுது” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முதல் நாளே எல்லாம் கவிழ்ந்துபோன ஆத்திரம்.

‘தண்ணி மஞ்சளா கெடக்குன்னு அன்னைக்கே அண்ணாச்சிட்ட சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை முருகேசன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் குனிந்து கயிறு கட்ட ஆரம்பித்தேன். இழுத்துவரும் அம்பாசிடரில் சங்கரன் அவனை உட்கார விடவில்லை. கடைக்காரர் ஒருவரின் தம்பி வந்து ஸ்டியரிங் பிடித்தார். முருகேசன் பஸ்ஸுக்கு நின்றான். ஜீப் கண்ணாடியில் கொஞ்ச தூரம் அவன் தெரிந்தான்.

ஷெட்டுக்கு வந்து ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் சேறு இறங்கியது. துரு கொஞ்சமும் இல்லை. துருன்னா செவப்பா இருக்கும்லா என்று அவன் சொன்னது காதில் கேட்டது. வண்டியைப் பற்றிப் படித்த நான் அதைப் பார்க்கவில்லை, சிமெண்ட் சுமந்தவன் பார்த்திருக்கிறான். அவன் கண் என் கண்ணைவிடக் கூர்மை என்பதல்ல விஷயம். அவனுக்கு அந்த வண்டி பிழைப்பு, அதனால் பார்த்தான். எனக்கு அது அந்த மாதத்தின் பன்னிரண்டாவது வண்டி.

மறுநாள் ஷெட்டைத் திறக்காமல் ஸ்ரீவராகத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. முதலாளி காதுக்குப் போனால் சாவி போகும், ஆசான் பட்டம் போகும், கூட இருப்பவர்கள் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தேன். ஒற்றை அறையில் இருக்கும் அந்தக் கைக்குழந்தையை இன்னொரு பக்கம் வைத்தேன். அதற்குப் பிறகு கால் பேசாமல் நடந்தது.

சங்கரன் வீட்டு வாசலில் முருகேசன் நின்றிருந்தான். டிரைவருக்கென்று கொடுத்த இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் துவைத்து, மடித்து, ஒரு தாளில் சுற்றித் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். சங்கரன் வெளியே வந்தார்.

“சாமி, ஒரு காரியம் சொல்லணும்” என்றேன். “அந்த மஞ்சள நான் முதல் நாளே கண்டேன். நீங்க பூசைக்கு வச்சதுன்னு விட்டுட்டேன். தண்ணி மஞ்சளா இருக்குன்னு இவன் எங்கிட்ட வந்து சொன்னான். நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். முள்ளு கீழ கெடந்துச்சுன்னு இவன் சொன்னதும் நெசம். தண்ணி இல்லன்னா முள்ளு ஏறாது. தப்பு எனக்காக்கும். இவனுக்கு இல்ல.”

“இது நேத்திக்கு நோக்கும்போதே தெரியுமா ஓய்?”

“தெரியும் சாமி.”

“பின்ன எந்துக்கு ஊமையா நின்னீர்?”

பதிலுக்கு நிற்காமல் சங்கரன் உள்ளே போனார். சாவியோடு வந்து முருகேசன் கையில் கொடுத்தார். சட்டைப் பொட்டலத்தை வாங்கவில்லை. “வண்டி சரியாகறவரைக்கும் சும்மா இரு. கூலி உண்டு” என்றார். என் பக்கம் திரும்பி, “உம்மளோட மொதலாளிகிட்ட நான் ஒண்ணும் பறயமாட்டேன். ஆனா வண்டியை வேற எடத்துக்குக் கொண்டுபோறேன். வருத்தம் வேண்டா, கேட்டேளா” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதலாளியிடம் நானே சொன்னேன். ஷெட் சாவி ஆறேழு மாதம் வேறொருவர் இடுப்பில் இருந்தது. போகட்டும். அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வேலைச் சீட்டிலும் முதல் வரி, வண்டியை ஓட்டுகிறவன் சொன்னது, அவன் வார்த்தையிலேயே. அது முட்டாள்தனமாகத் தோன்றினாலும் எழுதிக்கொள்வேன், எழுதியதைத் திறந்தும் பார்ப்பேன். இந்த ஷெட்டில் இன்றைக்கும் சீட்டின் தலையில் அந்தக் கோடு போட்ட இடம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதைக் காலியாக விடுகிறீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு நானும் முருகேசனும் ஒன்றாகத்தான் தெருவில் இறங்கி நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். “ஏன் டே, நேத்து கல்லாத்துல வச்சு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அன்னைக்கே அண்ணாச்சிட்ட சொன்னேன்னு சொல்லியிருந்தா தீந்திருக்குமே.”

“நான் சொன்னா சாமி நம்பவா போறாரு? நீங்க சொல்லுவீங்கன்னுதான் அண்ணாச்சி நின்னேன். கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் நின்னேன்.”

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அவன் நிற்கவில்லை. சட்டைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.

“நான் போறேன் அண்ணாச்சி. வீட்டுல பெட்டி கட்டியாச்சு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிருவா. போயி அவுக்கச் சொல்லணும்” என்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் தெருமுனையில் திரும்பி ஓட ஆரம்பித்திருந்தான்.